எட்டு நட்டு வண்டிக்கு நான் கொடுத்த வீல்

கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியலும் டயர் அளவும்தான். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். யார் எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் இப்போது கலங்கிப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் நின்று பேசச் சொன்னார்கள். பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு இது தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த டயர் கடை என் தம்பியுடையது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் தொடங்கி மூன்றாவது வருஷம் நான் கீழக்கரையிலிருந்து இங்கே டெக்சஸில் பிளானோவுக்கு வந்தேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கடைக்கு வந்து, காத்திருக்கும் அறையில் காபி மெஷினைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். இங்கே நம் ஆட்கள் அதிகம் இல்லையா, ஃபோனில் தமிழ்க் குரல் கேட்டால் என்னிடம் நீட்டிவிடுவார்கள். முகம் தெரியாத ஆளிடம் பேசுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. அப்படியே கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷம் அங்கேதான் நின்றேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர், டயர் மாட்டும் பக்கத்தை அப்போது பார்த்துக்கொண்ட மெக்சிக்கோக்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். பெயரை எங்கேயும் போடாதே என்று அவரே சொல்லிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி அளவு. அதனால் அவர் பேசியது குறைவு, காட்டியது அதிகம். புது வீல் வந்தால் நாங்கள் எல்லாரும் பெட்டியைப் பிரித்து, பளபளக்கிற முன்பக்கத்தைப் பார்ப்போம். அவர் அதை வாங்கிக் கவிழ்த்துப் போடுவார். பின்பக்கத்தில் சின்னதாக ஓர் எண் அச்சாகியிருக்கும். இந்த வீல் இத்தனை பவுண்டுதான் தாங்கும் என்கிற எண். அதை விரலால் தடவிக் காட்டுவார். முகம் கஸ்டமருக்கு, முதுகு நமக்கு. அவர் சொன்னதை நான் தமிழில் இப்படி வைத்துக்கொண்டேன்.

அவருக்கு இன்னொரு வழக்கம். வருகிறவர்களிடம் எந்த வண்டி என்று முதலில் கேட்கமாட்டார். "என்ன ஏற்றுவீர்கள்?" என்றுதான் கேட்பார். ஒருமுறை குட்டிக் காரில் வந்த ஒரு பெண்ணிடமும் அதையே கேட்டார். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "என் மாமியாரை" என்றாள். அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

இந்த இரண்டு வழக்கத்தையும் நான் ஒரே நாளில் கைவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்போது அவர் கடையை விட்டு சான் அன்டோனியோவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர்ந்திருந்தார். ஏப்ரல் மாதக் கடைசி. பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். எல்லாரும் மெட்ராஸ் பக்கத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு பிக்கப் ட்ரக் வைத்திருப்பவர்கள். இங்கே நம் ஆட்கள் எதையும் தனியாக வாங்கமாட்டார்கள் என்பதைப் போகப்போகப் பார்ப்பீர்கள். மாம்பழப் பெட்டியாகட்டும், வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதாகட்டும், வாட்ஸாப்பில் ஒரு குழு சேர்த்து, ஒருவர் தலைவராகி, எல்லாருக்கும் ஒரே சரக்காக எடுப்பார்கள். குரூப் டீல் என்பார்கள். இந்தக் குழுவுக்குத் தலைவர் ரகு. கையில் லேப்டாப்போடு வந்தார்.

"ஆன்ட்டி, நாலு செட். எல்லாம் சேம். ட்வென்டி இன்ச், மேட் பிளாக், ஆல் டெரெய்ன் டயர். எக்செல் ஷீட்ல எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். நீங்க ஆர்டர் மட்டும் போட்டா போதும்."

ஷீட்டைப் பார்த்தேன். மூன்று வண்டிக்கு வீலுக்கு ஆறு நட்டு, ஒரு வண்டிக்கு எட்டு நட்டு. எட்டு நட்டு வண்டி பெரிய வண்டி, அதிக பாரம் இழுக்கிற ரகம். அது கார்த்திக் என்பவருடையது. அவர் மற்ற மூவருக்கும் பின்னால் நின்று சுவரில் இருந்த வீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரகு கேட்ட வீலைச் செய்கிற கம்பெனி அதையே எட்டுத் துளை போட்டும் விற்றது. எட்டுத் துளை என்றால் கனத்தைத் தாங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளா, துளையை எண்ணி பாரம் சொல்ல முடியாது. அழகுக்கு மட்டும் பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்காகவும் எட்டுத் துளை போடுகிறார்கள்.

"என்ன ஏற்றுவீங்க?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் ரகு, "கார்த்திக் பிரிட்ஜ் இன்ஜினியர் ஆன்ட்டி. அவனே ஸ்பெக் எல்லாம் பார்த்துட்டான்," என்றார். வாயை மூடிக்கொண்டேன். பாலத்துக்குக் கணக்குப் போடுகிறவரிடம், ஐந்தாம் வகுப்புக்காரி பாரத்தைப் பற்றிக் கேட்பதா என்று கூச்சம். அந்த ஷீட்டில் நிறத்துக்குக் கட்டம் இருந்தது, நட்டின் நிறத்துக்குக்கூடக் கட்டம் இருந்தது. என் கேள்விக்குக் கட்டம் இல்லை. ஆர்டரைப் போட்டேன். சரக்கு வந்தபோது முன்பக்கத்தைத் துடைத்து அடுக்கி வைத்தேன். ஒன்றையும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

மாட்டுகிற நாள் சனிக்கிழமை காலை. முந்தின நாளே பதினாறு வீலிலும் டயர் ஏற்றி, பேலன்ஸ் பார்த்து வைத்தாகிவிட்டது. ரகு வண்டியும் மற்ற இரண்டும் எட்டு மணிக்கே வந்து, பத்துக்குள் முடிந்துவிட்டன. மூன்றையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான்கு குடும்பமும் அன்றைக்கே கொலராடோ மலைக்குக் கிளம்புகிறார்கள், நம் கடையிலிருந்து நேரே போகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பத்தரைக்குக் கடை வாசலில் ஒரு வீடு வந்து நின்றது.

அப்படித்தான் தெரிந்தது எனக்கு. கார்த்திக்கின் ட்ரக். அதன் பின்பெட்டியில் கேம்பர் என்கிற அந்தச் சின்ன வீட்டை இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை எல்லாம் உண்டு. வண்டியின் தலைக்கு மேலும் நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் சைக்கிள்கள். வண்டியின் பின்பாகம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. முன்னே கார்த்திக்கும் அவர் மனைவி உமாவும், பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகளும் உமாவின் மாமியாரும்.

அதே நேரத்தில் இன்னொருவரும் வந்து நின்றார். தொப்பி வைத்த வயதான வெள்ளைக்காரர், சின்ன டிரெய்லரோடு. கார்த்திக் தன் பழைய வீலையும் டயரையும் ஆன்லைனில் அவருக்கு விற்றுவிட்டார். புதிது மாட்டியதும் பழையதை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்.

டயர் மாட்டுகிறவர் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, தூக்கவா?" என்று ஜாடையில் கேட்டார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அடுக்கியிருந்ததில் ஒரு வீலைச் சுவரோடு சாய்த்து, பின்பக்கத்தில் டார்ச் அடித்தேன். 2,600 பவுண்டு. டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். அதுவும் இலேசான வண்டிக்கான ரகம், இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். வெளியே வந்து, யாரும் கவனிக்காத மாதிரி டிரைவர் கதவின் ஓரத்தில் இருக்கும் ஸ்டிக்கரைப் படித்தேன். பின் அச்சு 6,200 வரை தாங்கும் என்று போட்டிருந்தது. அதில் பாதி 3,100. ஒரு வீலின் பங்கு அது. என்னிடம் இருப்பதோ 2,600.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். மாட்டிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். 6,200 வரை தாங்கும் என்றால் 6,200 ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லையே, கேம்பர் இலேசாக இருக்கலாமே என்று எனக்கே நான் வக்கீலாக நின்றேன். தம்பியிடம் கேட்கலாம் என்றால் அவன் மக்காவுக்கு உம்ரா செய்யப் போயிருந்தான். அன்றைக்கு வெள்ளைத் துணி உடுத்தி இஹ்ராம் கட்டியிருப்பான். அந்த நிலையில் இருக்கிறவனை வாக்குவாதத்துக்கு இழுக்கக் கூடாது. ஃபோனைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஜன்னலில் மூக்கை அழுத்தி எனக்குக் குரங்குமுகம் காட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு வக்கீல் பேச்சு எடுபடவில்லை.

ஆனாலும் நான்கு ஆண்களிடம் நேராகப் போய்ப் பேச வாய் வரவில்லை. உமாவிடம் போனேன்.

"உள்ள என்னென்னம்மா வெச்சிருக்கீங்க?"

"என்ன இல்லைன்னு கேளுங்க ஆன்ட்டி," என்று உமா சிரித்தாள். "தண்ணி டாங்க் ஃபுல். ஜெனரேட்டர். பதினாறு பேருக்கு அரிசி, பருப்பு. பெரிய குக்கர் ரெண்டு. இரும்பு தோசைக்கல். டேபிள்டாப் கிரைண்டர், ஃப்ரெஷ்ஷா மாவு அரைக்கலாம்னு ரகு வைஃப் ஐடியா. நாலு வீட்டு கூலரும் இதுலதான்."

"மத்த மூணு வண்டியில?"

"அதுல புது வீல் போட்டிருக்காங்களே ஆன்ட்டி. நீட்டா இருக்கணும்னு ஒண்ணும் ஏத்தல."

நான்கு குடும்பத்துச் சமையலறையும் ஒரு வண்டியின் முதுகில். நம் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படித் தோன்றும். கேம்பர் வைத்திருப்பவர் வீட்டில்தான் எல்லாரும் சாப்பிட வேண்டும். அவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், சொன்னால் மரியாதை இல்லை.

அதற்குமேல் தள்ளிப்போட இடம் இல்லை. கார்த்திக்கிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தம்பி, இந்த வீலை உங்க வண்டிக்கு மாட்ட வேணாம். நான் தப்பா ஆர்டர் போட்டுட்டேன். என்ன ஏத்துவீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என் மேல."

முதலில் பதில் சொன்னது ரகு. "ஆன்ட்டி, இவன் பிரிட்ஜ் டிசைன் பண்றவன். இவனுக்கே லோடு பத்திச் சொல்றீங்களா?"

இன்னொருவர், "டேய் கார்த்தி, நாங்க மூணு பேரும் மேட் பிளாக்ல நிப்போம், நீ மட்டும் பழைய ஸ்டாக் வீல்ல, டெலிவரி வண்டி மாதிரி," என்று சிரித்தார்.

கார்த்திக்கின் காது சிவந்துவிட்டது. "வெயிட் எல்லாம் பார்த்துட்டேன் ஆன்ட்டி. கேம்பர் ப்ரோஷர்ல ட்வென்டி டூ ஹண்ட்ரட்தான் போட்டிருக்கான்."

"அது காலி வீட்டோட எடை தம்பி. குடி வந்தப்புறம் எடை போட்டீங்களா?"

ஜன்னலுக்குள்ளிருந்து அவர் அம்மா சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்புறம் அவன் தன்னையே எடை போட்டதில்லம்மா."

பிள்ளைகள் சிரித்தன. உமாவும் சிரித்தாள். கார்த்திக்குக்கு அது நல்லதாகப் போயிற்று. கோபப்பட்டால் இன்னும் கேலியாகும் என்று தெரிந்து, "சரி, எங்க எடை போடறது? நீங்களும் வாங்க, நீங்களே பாருங்க," என்றார்.

பத்து நிமிஷ தூரத்தில், லாரிகள் நிற்கிற பெட்ரோல் நிலையத்தில் எடைமேடை இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய இடம், ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பின் இருக்கையில் சின்னப் பிள்ளையை மாமியார் மடிக்கு நகர்த்தி எனக்கு இடம் செய்தார்கள். மடியில் உட்கார்த்திக் கூட்டிப்போவது இங்கே கூடாது என்று உமா உடனே அவனைத் திரும்ப சீட்டில் கட்டிவிட்டு, தான் இறங்கிக்கொண்டாள். நான் முன்னால் ஏறினேன். என் எடையும் அவள் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று கணக்குச் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

"என்னையும் சேத்தா எடை போடுவாங்க?" என்று அந்த அம்மா வழியில் கேட்டார்.

"வண்டிக்குள்ள இருக்கிற எல்லாரையும்தாம்மா."

"நம்பர் தனியா வராதே?"

"வராதும்மா."

"அப்ப சரி."

மேடையில் ஏறி, சீட்டை வாங்கிக்கொண்டு கார்த்திக் வந்தார். முன் அச்சு எவ்வளவு என்று எனக்கு நினைவில்லை. பின் அச்சு 6,040. அவர் ஃபோனை எடுக்கவில்லை, மனசிலேயே பாதியாக்கிவிட்டார். "மூவாயிரத்து இருபது," என்றார். திரும்பும் வழி முழுக்க ரேடியோவைக்கூடப் போடவில்லை. எண் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே பேசக் கூடாது.

கடைக்கு வந்ததும் நான் அந்த வீலைக் கவிழ்த்துக் காட்டினேன். மண்டி போட்டு உட்கார்ந்து, ஃபோன் வெளிச்சத்தில் படித்தார். விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் டயரின் பக்கவாட்டைப் படித்தார். எழுந்திருக்காமலே, தனக்குத்தானே சொல்வதுபோல், "ஒரு பாலத்துல இப்படி நம்பர் வந்தா நான் சைன் பண்ணமாட்டேன்," என்றார்.

ரகு விடவில்லை. "மச்சி, எல்லாத்துலயும் சேஃப்டி ஃபாக்டர்னு ஒண்ணு விட்டு வெச்சிருப்பான்ல? ஒன் வீக்தான். போய்ட்டு வந்து மாத்திக்கோ. பழசை வேற வித்தாச்சு, அந்த ஆள் வந்து நிக்கறான் பாரு."

கார்த்திக் அந்த ஆளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அவரும் தூரத்திலிருந்து வந்திருக்கிறார். அந்த நிமிஷத்தில் கார்த்திக் எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

தொப்பிக்காரர் எங்கள் தமிழ் புரியாமலே எல்லாம் புரிந்துகொண்டிருந்தார் போல. வீல் கவிழ்ந்து கிடப்பதையும் கேம்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தப் பழையதை நான் ஏன் வாங்குகிறேன் தெரியுமா? என்னிடமும் ஒரு கேம்பர் இருக்கிறது. நானும் அழகான வீல் போட்டேன். நியூ மெக்சிக்கோவில் ஒரு இறக்கத்தில், நட்டைச் சுற்றி வெடிப்பு விட்டுவிட்டது. மெதுவாகப் போனதால் பிழைத்தோம். அன்றிலிருந்து என் மனைவி அந்த வண்டியில் ஏறவில்லை. இந்த மாதிரி வண்டியோடு வந்த கம்பெனி வீலைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். நீ கழற்றிப் போடுகிறாய்."

அப்புறம் கார்த்திக்கின் தோளில் கை வைத்து, "நான் காத்திருந்து பழகியவன். போய்விட்டு வந்து கூப்பிடு," என்று சொல்லிவிட்டு, காலி டிரெய்லரோடு கிளம்பிப் போனார்.

கார்த்திக் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஆன்ட்டி, பழசே இருக்கட்டும். காத்து மட்டும் பாருங்க."

அவ்வளவுதான். அந்தப் பழைய டயர் பாதி தேய்ந்திருந்தாலும் ரகம் சரி. ஒவ்வொன்றும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் தாங்கும். ஆனால் 6,200 அச்சில் 6,040 என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதைச் சொன்னேன். உமா அதற்காகவே காத்திருந்தவள் போலக் கேம்பர் கதவைத் திறந்தாள்.

"ரகு, புது வீல் நல்லா இருக்கு. அரிசி மூட்டை வாங்கிக்கோங்க. அண்ணா, நீங்க கூலர். கிரைண்டர் ஐடியா யாரோடதோ அவங்க வண்டியிலயே போகட்டும்."

"சிஸ்டர், லெதர் சீட்..." என்று இழுத்தார் ரகு.

"சீட்டுக்கு டவல் நான் தரேன்."

தண்ணீர்த் தொட்டியில் முக்கால்வாசியைக் கடைக்குப் பின்னால் புல்லில் திறந்துவிட்டார்கள். போகிற ஊரில் தண்ணீர் கிடைக்காமலா போகும்? சைக்கிள்கள் மூன்று வண்டிக்கும் பிரிந்தன. பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்பினார்கள். ரகு மட்டும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார். அவர் மடியில் தோசைக்கல் இருந்தது என்று டயர் மாட்டுகிறவர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். நான் பார்க்கவில்லை.

தம்பி உம்ரா முடித்துவிட்டுப் பேசியபோதுதான் சொன்னேன். அந்த செட்டை நம் கடையே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று நானாகவே வாக்குக் கொடுத்துவிட்டேன், ஏற்றிய டயரோடு உள்ளே நிற்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"லாத்தா, வண்டி போயிடுச்சா?" அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"பழைய வீல்லயே போயிடுச்சு."

"அப்ப எதுக்கு அழுவுறீங்க? ஒரு வீலை எடுத்துக் கவுண்டர் பக்கத்துல மாட்டுங்க. முதுகு வெளிய தெரியற மாதிரி."

திருப்பி மாட்டியிருக்கிறதே என்று நீங்கள் சரிசெய்யப் பார்க்கிற வீல் அதுதான். அப்படியே இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து கார்த்திக் உமாவோடு வந்தார். இந்தத் தடவை ஷீட் இல்லை, எடைச்சீட்டு இருந்தது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. மூன்று பேரும் உட்கார்ந்து வீல் தேர்ந்தெடுத்தோம். எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

முதலில் கதவு ஸ்டிக்கரில் இருக்கிற பின் அச்சு எண்ணைப் பாதியாக்கினோம். அதற்குக் கீழே எண் போட்ட வீலை எல்லாம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பேச்சிலேயே எடுக்கவில்லை. இருபது இன்ச் வேண்டாம், பழையபடி பதினெட்டே போதும் என்று வந்தோம். அந்த வண்டிக்குப் பதினெட்டில் கனம் தாங்குகிற டயர் நிறையக் கிடைக்கும், பக்கவாட்டில் E எழுத்துப் போட்டது. வீல் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும் என்று பார்த்தோம். குரூப் டீல் வீல் இரண்டு விரல் வெளியே நின்றிருக்கும். பார்க்க மிடுக்குத்தான். ஆனால் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் நடக்கலாம், கையை நீட்டிப் பிடித்தால் நான்கு அடி நடக்க முடியாது. வீல் சுழலுகிற பேரிங்குக்கும் அதே கதி. அதனால் கம்பெனி வீல் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறதாக எடுத்தோம். அதோடு சேருகிற நட்டு தனி. பழைய நட்டைப் போட்டு இறுக்கிவிடாதீர்கள். உட்காருகிற இடம் பொருந்தாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கழன்று வரும். ஐம்பது மைல் ஓட்டிவிட்டுத் திரும்ப வந்து இறுக்கம் பார்க்கச் சொன்னோம். கேம்பர் ஏற்றினால் காற்று எவ்வளவு, இறக்கினால் எவ்வளவு என்று இரண்டு எண்ணை எழுதிக் கொடுத்தோம். உமா அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

நிறம் மட்டும் கார்த்திக் கேட்ட கறுப்புத்தான். நிறத்தில் நாம் தலையிடக் கூடாது.

தொப்பிக்காரரும் புதிதை மாட்டிய அன்றைக்கே வந்து பழைய வீலைக் கொண்டுபோனார். இந்தத் தடவை பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. ஆனால் வந்திருந்தார்.

ரகு ஆறு மாதம் கழித்து வேறு ஒரு குரூப் டீலுக்கு வந்தார். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். கடைசியில் ஒரு கட்டம் கூட்டியிருந்தார், 'என்ன ஏற்றுவீர்கள்?' என்று. ஒருவர் அதில் 'வைஃப்' என்று போட்டிருந்தார். நான் அவரை ஃபோனில் கூப்பிட்டு, வேறு என்ன என்று கேட்டேன். பதினாறு அடிப் படகு இழுக்கிறாராம்.

நான் இதிலிருந்து கற்றது பெரிதாக ஒன்றும் இல்லை. படித்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கூச்சப்பட்டுக்கொண்டே கேளுங்கள், குரல் நடுங்கினாலும் கேள்வி கேள்விதான். கேட்க மறந்துவிட்டால், தப்பு என் மேல் என்று முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள். அதை நாம் எடுத்துக்கொண்டால், கஸ்டமருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வேலை போய்விடும். அவர் நிம்மதியாக எண்ணைப் பார்ப்பார்.

இதில் நான் போட்டிருக்கிற எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். 6,040 என்பது 6,400 ஆகவும் இருக்கலாம், எனக்கு நடு எண் இடம் மாறும். அந்த எடைச்சீட்டை உமா பத்திரமாக வைத்திருக்கிறாள். டயரை முன்பின் மாற்றிப் போட அவள் வரும்போது இந்தத் தாளைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு அப்புறம் மற்றவர்களுக்குக் கொடுங்கள். தப்பு இருந்தால் அடித்துத் திருத்துங்கள். ஆன்ட்டி எழுதியதாயிற்றே என்று தயங்காதீர்கள். இந்தக் கடையில் தயங்குகிற வேலையை எல்லாருக்கும் சேர்த்து நானே செய்து முடித்துவிட்டேன்.